என் விலாசத்தில் குடியிருந்த அன்புராசா

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் எண்பத்தேழாம் ஆண்டிலிருந்து எங்கள் சனத்துக்கு ஃபோம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். நவரட்ணம் என்று கேட்டால் ஒருவேளை தெரியாது. 'ஃபோம் அண்ணை' என்று கேட்டால், அந்த நாள் ஆட்கள் எந்த மாடி, எந்தக் கதவு என்று சொல்லிவிடுவார்கள். வருமானம் இல்லாதவர்களுக்கான வெல்ஃபெயர், பிள்ளைகளின் மாதக் காசு, வேலை போனவர்களுக்கான காப்புறுதி, மானிய வாடகை வீடு, கடைசியில் முதியோர் ஓய்வூதியம் என்று இந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோம் இருந்தது. அந்த ஃபோமெல்லாம் என் சாப்பாட்டு மேசைக்குத்தான் வந்தன. ஒரு சதம் வாங்கியதில்லை. தேத்தண்ணி குடித்ததுண்டு.

ஊரில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பதினாறு வருடம் கிளாக்காக இருந்தவன் நான். எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் மேலே இருக்கிறவன் கையெழுத்துப் போடுவான் என்பது எனக்கு மூக்கிலேயே மணக்கும். அந்தத் திமிர் சின்னத் திமிர் இல்லை. எழுபத்தெட்டு வயதில் இப்போது அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் இருக்கிறேன். நான் நிரப்பிய ஆயிரக்கணக்கான கட்டங்களில் ஒரேயொரு கட்டத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

தொண்ணூற்றிமூன்றாம் ஆண்டு மாசி மாதம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பதினாலாம் மாடியிலிருந்து அன்புராசாவும் கிளடிசும் இறங்கி ஏழாம் மாடியில் என் வீட்டுக்கு வந்தார்கள். மன்னார், பேசாலை ஆட்கள். கூடவே மூன்று வயது மகன் றொய்சன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அன்புராசா வேலை செய்த பாண் சுடுகிற தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அந்த வருடங்களில் ரொறன்ரோவில் எதைத்தான் மூடவில்லை! இரண்டு மாத வாடகை தலைக்கு மேல் நின்றது. வெல்ஃபெயருக்கு எழுத வேண்டும் என்றார்கள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யோசித்தேன். புருசன் பெண்சாதி என்று எழுதினால் ஒரு வீட்டுக்கான உதவிதான் வரும். பிரிந்து வாழ்கிறார்கள் என்று எழுதினால் ஆளுக்காள் தனித்தனி. தனித்தாய் என்றால் மானிய வீட்டு வரிசையிலும் கொஞ்சம் முன்னுக்குப் போகலாம் என்று அந்த நாளில் கதை. அவர்களை ஒரு வார்த்தை நான் கேட்கவே இல்லை. 'பிரிந்து வாழ்பவர்' என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டேன். புருசனின் விலாசம் என்ற இடத்தில் என் வீட்டு இலக்கத்தை எழுதினேன். எழுதி முடித்து, பேனாவை மூடி, ஏதோ பெரிய வேலை பார்த்துவிட்டவன் போலக் கதிரையில் சாய்ந்தேன்.

கிளடிசுக்கு இங்கிலிஸ் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்தவள் அந்தக் கட்டத்தில் நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணை உது? நான் இவரை விட்டிட்டு இருக்கிறன் எண்டே எழுதியிருக்கிறியள்?"

"எழுத்திலதான் பிள்ளை. வீட்டில நீங்கள் இருக்கிற மாதிரியே இருங்கோ."

"கோயில்ல சுவாமிக்கு முன்னால தாலி கட்டினது அண்ணை. உது பொய்யெல்லோ?"

"மேல இருக்கிறவர் வெல்ஃபெயர் ஃபோம் வாசிக்கிறேல்லை. அவருக்கு வேற வேலை இருக்கு."

அன்புராசா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் எதற்கும் சிரிக்கிற மனுசன். கிளடிஸ் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். பிறகு கேட்டாள்.

"பிறகு மாத்தலாம்தானே அண்ணை?"

"நாளைக்கே மாத்தலாம். உமக்கென்ன பயம்?"

அவள் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய கையெழுத்து அன்றைக்கு மட்டும் கோணலாக விழுந்தது. நான் அதையும் பகிடி பண்ணினேன்.

ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் கெட்ட சனம் இல்லை. அரசாங்கக் கந்தோர் என்றால் பொய் சொல்லித் தப்புகிற இடம் என்றுதான் எங்களுக்குப் பழக்கம். ஊரில் உண்மையான பெயரைச் சொன்னவன் ஆமி முகாமுக்குள் போனான், பொய்ப் பெயரைச் சொன்னவன் வீட்டுக்கு வந்தான். விமானத்தில் ஏறினது பொய்ப் பாஸ்போட்டில். அந்தப் புத்தியோடு இங்கே வந்து இறங்கினோம். இங்கே இருந்தவர்கள் நாங்கள் சொன்னதையெல்லாம் நம்பினார்கள். நம்பி, எழுதி, பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அப்போதெல்லாம் வெல்ஃபெயர் கந்தோரிலிருந்து வீடு பார்க்க ஆள் வருவது உண்டு. ஆள் வருகிற நாள் என்றால் பதினாலாம் மாடியில் ஒரே அமளி. அன்புராசாவின் சப்பாத்து, சவரக் கத்தி, சாரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர் படிவழியே என் வீட்டுக்கு இறங்கி வந்துவிடுவார். கலியாணப் படத்தைக் கிளடிஸ் மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிடுவாள். 'அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்' என்று றொய்சனுக்குச் சொல்லிப் பழக்கியிருந்தோம். அதைப் பழக்கினவனும் நான்தான். பிள்ளை கெட்டிக்காரன், அட்சரம் பிசகாமல் சொல்வான்.

அன்புராசா என் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொல்வார்: "அண்ணை, என்ர மனுசியைப் பாக்க எனக்குப் பெர்மிட் எடுக்க வேண்டிக் கிடக்கு."

நானும் சிரிப்பேன். அவருடைய கடிதங்கள் எல்லாம் என் தபால் பெட்டிக்குத்தான் வரும். நான் கிழமைக்கு ஒரு தடவை அவற்றைக் கொண்டு மேலே போவேன். கிளடிஸ் கதவைத் திறந்து, "இந்தாருங்கோ, அண்ணையின்ர வாடகைக்காரருக்குக் கடிதம் வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். அந்தப் பகிடியில் ஒரு முள் இருந்தது. எனக்குக் குத்தவில்லை.

என் மாடியில் லெஸ்லி என்றொரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். அந்தக் கட்டடம் புதிதாக எழும்பின காலத்திலேயே குடிவந்தவர். தகப்பன் இரண்டாம் உலக யுத்தம் என்ற பெரிய சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பி வந்து, குளிர்சாதனப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தவராம். லெஸ்லி சின்னப் பெடியனாக இருந்தபோதுதான் பிள்ளைகளுக்கான மாதக் காசை அரசாங்கம் தொடங்கியதாம். முதல் காசோலை தாயின் பெயருக்கு வந்த நாளை அவர் என்னிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் பெயர் எழுதின ஒரு கடித உறை தாய்க்கு வந்ததாம். மூன்று பிள்ளைகளுக்கும் சப்பாத்து வாங்கினாளாம். பிறகு ஊரெல்லாம் வேலை. சம்பளம் கூடியது. வேலை போனால் காப்புறுதி, வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரி, கிழடானால் ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றாக வந்ததாம். "சண்டையில் எல்லோரும் சேர்ந்து செத்தோம், பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நினைத்தோம்" என்பார்.

ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், அன்புராசாவின் கதையை அவருக்கு அவிழ்த்துவிட்டேன். என் கெட்டித்தனத்தைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். மனுசன் சிரிக்கவில்லை.

"அவர்கள் கல்யாணம் கட்டினவர்கள் என்று எழுதியிருந்தாலும் கிடைத்திருக்குமே, நவா. கொஞ்சம் குறைவாகக் கிடைத்திருக்கும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு என்ன தெரியும், நீ குண்டு விழுந்த ஊரிலிருந்தா வந்தாய் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். அவரும் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

தொண்ணூற்றைந்தில் வெல்ஃபெயரை ஐந்தில் ஒன்றுக்கு மேல் வெட்டினார்கள். பார்த்தீர்களா, நான் அப்படி எழுதியிருக்காவிட்டால் நீங்கள் தெருவில்தான் என்று அன்புராசாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தொண்ணூற்றெட்டில் அவருக்குப் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. கிளடிஸ் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் சேர்ந்தாள். வெல்ஃபெயர் நின்றது. அந்தச் சொல் நிற்கவில்லை. வருமான வரி ஃபோமில் ஒவ்வொரு சித்திரையும் 'பிரிந்து வாழ்பவர்' என்று நான்தான் எழுதினேன். போன வருடம் என்ன எழுதினோம் என்று பார்த்து இந்த வருடமும் அதையே எழுதுவது கச்சேரிப் பழக்கம்.

பெரிய வெள்ளிக்கு முன்னால் கிளடிஸ் ஒவ்வொரு வருடமும் கோயில் சுவாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வாள். செய்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வருவாள்.

"சுவாமி சொல்லுறார், மாத்தச் சொல்லி."

"சுவாமிக்கு என்ன, அவரே வந்து காசைத் திருப்பிக் கட்டுவார்? இப்ப போய் மாத்தினா, அப்ப ஏன் அப்பிடி எழுதினாய் எண்டு கிண்டுவாங்கள். பழசு முழுக்க வெளிய வரும். மகன்ர படிப்பு இருக்கு. விசர்க் கதை கதையாமப் போம்."

அவள் போய்விடுவாள். அடுத்த வருடமும் வருவாள். எத்தனையோ வருடம் அப்படி வந்தாள். பிறகு வராமல் விட்டாள். அப்பாடா, ஒரு தொல்லை விட்டது என்று நான் நினைத்தேன். என்ர கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அன்புராசாவுக்குப் பாரிசவாதம் அடித்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் பாதி வாயில் மிஞ்சியிருந்தது. கிளடிசால் தனியத் தூக்கி இறக்க முடியாது. அஜக்சில் வீடு வாங்கின றொய்சனுக்கு இரண்டு குழந்தைகள், வீடு முழுக்கப் படி. கடைசியில் ஸ்காபரோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் கிடைத்தது. அந்த இல்லத்துக்கான ஃபோமையும் நானே நிரப்பினேன். குடும்ப நிலை என்ற கட்டம் அதிலும் இருந்தது. அப்போதாவது என் கை நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பழையதைப் பார்த்துப் பழையபடியே எழுதினேன்.

அவள் அதன்பிறகு ஒரு நாள் தவறவில்லை. காலமை குழைசோறும் மீன் குழம்பும் சூட்டுப் போத்தலில் போட்டுக்கொண்டு சப்வேயும் இரண்டு பஸ்ஸும் எடுத்துப் போவாள். மீனில் முள் இருக்கிறதா என்று விரலால் நசித்துப் பார்த்து ஊட்டுவாள். அங்கே வேலை செய்கிற பெண்கள் நல்ல பெண்கள்தான், ஆனால் ஆளுக்குப் பத்து நிமிடம்தான் அவர்களிடம் இருந்தது. அவர்கள் கரண்டியை நீட்டினால் அன்புராசா வாயை மூடிக்கொள்வார். கிளடிஸ் வந்தால் மட்டும் திறப்பார்.

போன தைமாதம், சோறு ஊட்டிவிட்டுத் திரும்பி வரும்போது, பஸ் தரிப்பில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. சீனி வருத்தம் வேறு. காயம் ஆறவில்லை. இனி தனிய வீட்டில் இருக்க முடியாது, அவளுக்கும் பராமரிப்பு இல்லம்தான் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். முகம் வெளிச்சமாக இருந்தது.

"அண்ணை, நல்லதாப் போச்சு. இனி நானும் அங்கதானே. அவருக்குப் பக்கத்து அறை கிடைச்சாலும் காணும். பஸ் எடுக்கத் தேவையில்லை."

இடம் ஒழுங்குசெய்கிற பெண் ஒரு தமிழ்ப் பிள்ளை. கஜனி என்று பெயர். இங்கேயே பிறந்தவள். தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துப் பேசினாள், ஆனால் மரியாதையாகப் பேசினாள். புருசன் ஒரு இல்லத்தில் இருந்தால் பெண்சாதியை அதே இல்லத்தில் சேர்க்கத் தனி வரிசை இருக்கிறது, வருடக் கணக்கில் காத்திருக்கிறவர்களுக்கு முன்னால் இடம் கொடுப்பார்கள் என்று அவளே சொன்னாள். பார்த்தீர்களா, அதையும் இந்த நாட்டுச் சனம் யோசித்து வைத்திருக்கிறது! சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தாள். பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"அங்கிள், சிஸ்ரத்தில இவை செப்பரேற்றட் எண்டு கிடக்கு. தொண்ணூற்றிமூண்டில இருந்து."

றொய்சன் என்னைப் பார்த்தான். கிளடிஸ் என்னைப் பார்க்கவில்லை. போர்வையில் இருந்த ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அது சும்மா எழுதினது பிள்ளை" என்றேன். "நான்தான் எழுதினனான். அவை ஒரு நாளும் பிரியேல்லை. கோயில் சேர்ட்டிபிக்கற் இருக்கு, கொண்டு வாறன்."

"கலியாணம் நடந்ததை நான் நம்புறன் அங்கிள். ஆனா பிரிஞ்சு இருக்கிற ஆக்கள் அந்த வரிசைக்குள்ள வராயினம். ஒண்டா இருந்தவை எண்டதுக்கு ஏதாவது தாங்கோ. ஒரே விலாசத்துக்கு வந்த பில், ரெண்டு பேரின்ர பேரிலயும் பாங்க் கணக்கு, வாடகை ஒப்பந்தம். என்ன எண்டாலும் சரி, ப்ளீஸ், நான் மேல அனுப்புறன்."

மூன்று நாள் தேடினோம். பதினாலாம் மாடி வீட்டில் ஒவ்வொரு லாச்சியாக இழுத்துக் கொட்டினோம். ஒன்றும் இல்லை. வாடகை அவள் பெயரில். மின்சாரம் அவள் பெயரில். அவருடைய வங்கிக் கடிதம், வரிக் கடிதம், ஓய்வூதியக் கடிதம் அவ்வளவும் ஏழாம் மாடி, நவரட்ணம் வீட்டு விலாசத்தில். ஒரு ஓட்டைகூட விடாமல் வேலை செய்திருந்தேன். நான் கட்டின பொய்யில் எனக்கே ஒரு கதவு இல்லை.

பிறகு படங்களைத் தேடினோம். றொய்சனின் பிறந்தநாள், கோயிலில் முதல் நன்மை வாங்கியது, பள்ளிக்கூடம், நயாகரா போனது என்று ஆறு அல்பம். ஒன்றிலும் அன்புராசா இல்லை. முதலில் எனக்கு விளங்கவில்லை. றொய்சன்தான் சொன்னான்.

"அங்கிள், எல்லாப் படமும் அப்பாதான் எடுத்தவர். வெல்ஃபெயர் ஆக்கள் அல்பத்தைப் பார்ப்பினம் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். பிறகு அதே பழகிப்போச்சு."

ஓம், சொன்னேன். நயாகராப் படம் ஒன்றில் பிள்ளையின் காலடியில் புல்லின்மேல் ஒரு நீண்ட நிழல் விழுந்திருந்தது. கமராவைப் பிடித்திருக்கிற ஒரு மனுசனின் நிழல். அதைக் கொண்டுபோய்க் கந்தோரில் காட்டவா முடியும்! றொய்சன் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு தாயின் கட்டிலில் இருந்து அழுதான். முப்பத்துநாலு வயதுப் பெடியன். நான் குசினிக்குள் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டு நின்றேன்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் தேவைப்பட்டது. கிளடிசுக்குப் பொது வரிசையில் கிடைத்த முதல் இடம் பிறம்ரன். அன்புராசா நகரத்தின் கிழக்குக் கரையில், அவள் மேற்குக் கரையில். நடுவில் ஐம்பது கிலோமீற்றர்.

நான் கஜனியிடம் போய்ச் சத்தம் போட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "நீ தமிழ்ப் பிள்ளைதானே, உனக்கு இரக்கம் இல்லையே" என்று கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. "அங்கிள், நான் என்ன செய்ய? முப்பத்தொரு வருசமா வருசா வருசம் ரெண்டு பேரும் சைன் வைச்சிருக்கினம்" என்றாள். பிறகு ஒரு வழி சொன்னாள். நடந்தது முழுவதையும் சத்தியக் கடதாசியாக எழுதிக் கொடுத்தால், விசாரித்து மாற்ற இடமுண்டு. ஆனால் அது மற்றக் கந்தோர்களுக்கும் போகும்.

றொய்சன் பயந்தான். "அம்மாவின்ர பென்சனைப் பிடிப்பாங்கள் அங்கிள். உங்களையும் விடமாட்டாங்கள்."

பிறம்ரனில் ஒரு நீல நிற அறையில் இருந்து கிளடிஸ் சொன்னாள்: "பிடிக்கட்டும். அவர் சாப்பிடாமக் கிடக்கிறார். எங்க சைன் வைக்கவேணும்?"

அன்றைக்கு அவள் கையெழுத்துக் கோணவில்லை. நானும் எழுதினேன். என் வாழ்க்கையில் பொய் இல்லாமல் நிரப்பின முதல் ஃபோம் அதுதான் என்று நினைக்கிறேன். 'இந்த இருவரும் ஒரு நாளும் பிரிந்து வாழவில்லை. அப்படி எழுதச் சொன்னவனும், எழுதினவனும் நான்' என்று எழுதி, சத்தியம் செய்து, கொடுத்தோம். ஆறு கிழமை செல்லும் என்றார்கள்.

அந்தக் கிழமைகளில் நான் ஸ்காபரோவுக்குப் போய்வந்தேன். பக்கத்துக் கடையில் மீன் குழம்பு வாங்கி, முள் எடுத்து, குழைத்து நீட்டினேன். அன்புராசா என் கையைப் பார்ப்பார், பிறகு கதவைப் பார்ப்பார். வாய் திறக்காது. "அன்பு, வாயைத் திறவும் ஐயா, அவ வருவா, பேப்பர் போட்டிருக்கு" என்று கெஞ்சினேன். என் வாழ்நாளில் அலுவலகத்தில்கூட நான் ஒருத்தனிடம் அப்படிக் கெஞ்சினதில்லை. அவர் இடக்கையால் என் கையை மெல்ல விலக்கினார். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தாதிமார் குழலில் பருக்கின பாலில்தான் உயிர் நின்றது, ஆள் எலும்பும் தோலுமாய்ப் போனார்.

நாலாவது கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சக்கர நாற்காலி ஏற்றுகிற வாகனம் ஒன்றை றொய்சன் ஒழுங்குபண்ணித் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். நானும் போயிருந்தேன். அவளைக் கண்டதும் அன்புராசாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. கிளடிசுக்குத் தெரிந்தது. "ஓம், வந்திட்டன், வந்திட்டன்" என்றாள். றொய்சனின் மனைவி சமைத்துக் கொடுத்த சோற்றைக் கிளடிஸ் குழைத்து ஊட்டினாள். ஒரு கோப்பை முழுவதையும் சாப்பிட்டார். தாடையில் வழிந்ததை அவள் தன் ஸ்வெற்றர்க் கையால் துடைத்துவிட்டாள். ஏச்சும் விழுந்தது: "உந்தாள் பார், சின்னப் பிள்ளை மாதிரி. நாலு கிழமை பட்டினி கிடந்தா நான் ஓடி வந்திடுவன் எண்டு நினைச்சவர்."

வாகனக்காரன் ஐந்து மணிக்கு வந்துவிட்டான். அவள் குனிந்து அவருடைய நெற்றியில் சிலுவை போட்டாள். நிமிர முடியவில்லை. ஸ்வெற்றர்க் கையை அன்புராசா இடக்கையால் பிடித்துவிட்டார். அந்தக் கைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ! "விடுங்கோ அப்பா, அடுத்த கிழமை வருவம்" என்று றொய்சன் சொன்னான். விடவில்லை. கடைசியில் ஒரு தாதிப் பெண் வந்து, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐந்து விரல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் இருக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டார். இல்லத்திலிருந்து முதலில் எனக்குத்தான் தொலைபேசி வந்தது. ஆளின் விலாசம் என்று அவர்களிடம் இருந்தது என் விலாசம்தானே. "உங்கள் வீட்டில் இருந்தவர் காலமாகிவிட்டார்" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். பெண்சாதிக்கு முன்னால், பிள்ளைக்கு முன்னால், அந்தச் செய்தியை நான் கேட்டேன். பிறம்ரனுக்கு எடுத்து நான்தான் கிளடிசுக்குச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சாப்பிட்டவரே?"

கஜனி செத்த வீட்டுக்கு வந்தாள். கோப்பு மேலாளரின் மேசையில் இருந்ததாம். அடுத்த கிழமை முடிந்திருக்குமாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னபோது எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் இருந்தான், அவனை நான் காலமை சவரக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இறுதிச் சடங்கு நடத்துகிற இடத்தின் அலுவலக அறையில் மரணப் பதிவுக்கான ஃபோமை நீட்டினார்கள். றொய்சன் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் தள்ளினான். "எனக்குக் கை ஓடேல்லை அங்கிள். நீங்களே நிரப்புங்கோ" என்றான். கிளடிஸ் சக்கர நாற்காலியில் இருந்தாள். மடியில், முன்பு மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்த அந்தக் கலியாணப் படம்.

பெயர் எழுதினேன். பிறந்த இடம், பேசாலை. விலாசம் என்ற இடத்தில் பேனா தானாக என் வீட்டு இலக்கத்தின் முதல் எண்ணை எழுதிவிட்டது. வெட்டினேன். பதினாலாம் மாடியை எழுதினேன். அடுத்தது குடும்ப நிலை.

"அண்ணை" என்றாள் கிளடிஸ். "இண்டைக்காவது சரியா எழுதுங்கோ."

'திருமணமானவர்' என்ற கட்டத்தில் சரி போட்டேன். அவள் நாற்காலியை நகர்த்தச் சொல்லி, கிட்ட வந்து, அன்றைக்குப் போலவே விரலை வைத்து அந்தக் கட்டத்தை வாசித்தாள். தலையை ஆட்டினாள். பிறகு, பக்கத்தில் கிடந்த இன்னொரு ஃபோமைப் பார்த்தாள். அது அவளுடைய ஓய்வூதியத்துக்கானது. அதிலும் அதே கட்டங்கள்.

"இனி எனக்கு என்னெண்டு எழுதுவியள்?"

பேனாவை மூடினேன். அவள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விதவை எண்டு" என்றேன்.

"ஓம்" என்றாள். படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "நடுவில கலியாணம் கட்டினவள் எண்ட சொல்லையும் ஒரு நாளைக்கு எழுதியிருக்கலாம் அண்ணை. நான் எத்தினை தரம் வந்து கேட்டனான்."